இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ரிஸ்வானா

வாணலியில் பலாச் சக்கைச் சுளைகள் பாதி பொரிந்திருந்தன. தேங்காயெண்ணெய் மணம் வீடு முழுக்க நிறைந்திருந்தது. வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கார் நிறுத்தும் இடத்துத் தகரக் கூரையில் அது விழும் சத்தத்தையும் மீறி கேட் திறக்கும் ஓசை கேட்டது.

முன்னறை ஜன்னலோரம் தங்கம் அக்கா உட்கார்ந்திருந்தாள். கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தவள், உடனே எழுந்து அடுக்களைக்கு வந்துவிட்டாள்.

“ஏட்டி பகவதி, நீ இங்கினயே இரி. நான் கூப்பிடுகது வரைக்கும் வெளிய வராத.”

“யாருக்கா வந்திருக்கது?”

“ரிஸ்வானாவுக்க வாப்பாவாக்கும்.”

நான் அடுப்பை அணைத்தேன். எண்ணெயின் சலசலப்பு அடங்கியது. முன்னறையில் குடையை உதறும் சத்தமும், “டீச்சர், கண்ணு இப்பம் எப்படி இருக்கு?” என்ற ஆண் குரலும் கேட்டன.

அவருடைய மகள் தவறு செய்தாளா இல்லையா என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கதவுத் திரைதான் இருந்தது. அதை விலக்கிக்கொண்டு போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆரஞ்சு நிறப் பெட்டி

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசித்து வருகிறவர்களுக்கு என் வேலை என்னவென்று தெரியும். இந்த வாரம்தான் இதழைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். விபத்துக்குள்ளான விமானத்திலிருந்து எடுத்து வரும் பதிவுப் பெட்டியைத் திறந்து, அதிலுள்ள எண்களைப் படித்து, என்ன நடந்தது என்று சொல்வது என் வேலையாக இருந்தது.

எல்லாரும் அதைக் கறுப்புப் பெட்டி என்கிறார்கள். அது ஆரஞ்சு நிறம். சேற்றிலும் புல்லிலும் கிடந்தால் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அந்த நிறம். ஒரு பெட்டி விமானத்தின் வேகம், உயரம், விமானி எதைத் திருப்பினார், எதை இழுத்தார் என்பதையெல்லாம் எண்களாகப் பதிகிறது. இன்னொன்று விமானி அறையின் சத்தங்களைப் பதிகிறது.

எங்கள் ஊரான இராஜாக்கமங்கலத்தில் சொந்தக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. “பிளேன் விழுந்தா இவ போயி பாப்பா” என்றுதான் சித்தி எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் ஒரு வீட்டார் இதைக் கேட்டுவிட்டு, காப்பி குடித்த கையோடு எழுந்து போய்விட்டார்கள். தினமும் சாவைப் பார்க்கிற பெண் என்று நினைத்திருப்பார்கள்.

உண்மையில் நான் பார்த்ததெல்லாம் கோடுகள். குளிரூட்டிய அறையில், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, திரையில் மேலும் கீழும் ஓடுகிற கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இது வேகம், இது உயரம், இது இடப்பக்க எஞ்சின், இது வலப்பக்க எஞ்சின்.

கோடுகள் ஏமாற்றும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு விமானம் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோதே தரைக்குக் கீழே இறங்கிவிட்டதாக உயரக்கோடு காட்டியது. நான் பதறிப்போய் எழுந்தேன். பக்கத்து மேசையில் இருந்த பினோய், “பயப்படாதே, பூமிக்குள் போகவில்லை. அன்றைக்குக் காற்றழுத்தம் கூடுதல், அவ்வளவுதான்” என்று சிரித்தான். உயரத்தை அந்தக் கருவி காற்றின் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகிறது. அழுத்தம் கூடினால் நின்ற இடத்திலேயே தாழ்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். அதைத் திருத்தி வாசிக்க வேண்டியது நம் பொறுப்பு.

பினோயும் நானும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சேர்ந்தவர்கள். என் வேலைக்காலத்தின் கடைசிவரை பக்கத்துப் பக்கத்து மேசைதான். இந்தக் கதைக்கு அவன் முக்கியம்.

அக்காவின் போன்

மழைக்காலத்து மாலை ஒன்றில், மேற்குக் கரையோர விமான நிலையம் ஒன்றில் இறங்கிய விமானம் ஓடுபாதைக்குள் நிற்காமல் அதைத் தாண்டிச் சேற்றில் போய் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. நிலையத்தின் பெயர் வேண்டாம். சிலருக்கு எலும்பு முறிந்தது. யாரும் சாகவில்லை. பதிவுப் பெட்டிகள் எங்கள் மேசைக்கு வந்தபோது அவற்றில் செம்மண் அப்பியிருந்தது. துடைத்த துணி நெடுநேரம் மழை நாற்றமடித்தது.

அன்று விமானத்தை இறக்கியவர் துணை விமானி. பக்கத்தில் இருந்த கேப்டன் கண்காணித்துக்கொண்டிருந்தார். துணை விமானி ஒரு பெண் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. பெயர்களைப் பார்க்காமல் எண்களைப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

மறுநாள் அக்கா போன் செய்தாள். அவள் எங்கள் மாவட்டத்தின் மேற்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

“ஏட்டி, அந்தப் பிளேன ஓட்டுனது எனக்கட்ட படிச்ச பிள்ளையாக்கும். தேங்காப்பட்டணத்து ரிஸ்வானா. பிளஸ் டூவுல கணக்குல நூத்துக்கு நூறு. அவளுக்குத் தோளெலும்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கா. நீதான அத பாக்குத?”

“யக்கா, நீ இத எனக்கட்ட பேசப்பிடாது.”

“நான் என்ன பேசுனேன்? பிள்ளையத் தெரியும்னு சொன்னேன்.”

போனை வைத்ததும் நேரே குழுத் தலைவரின் அறைக்குப் போனேன். சந்தீப் சார் அதிகம் பேசாதவர். அக்காவுக்கும் துணை விமானிக்கும் உள்ள பழக்கத்தைச் சொல்லி, என்னை இதிலிருந்து விலக்கிவிடும்படி கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “இந்த வகைப் பதிவுக் கருவியை உன் அளவுக்கு வாசித்தவர்கள் இங்கே இல்லை. நீ படி. பினோயும் தனியாகப் படிக்கட்டும். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது. முடிவில் இரண்டையும் வைத்துப் பார்ப்போம். நீ சொன்னதை நான் எழுதி வைத்துக்கொள்கிறேன்.”

அன்றிலிருந்து பினோய் தன் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். சாப்பாட்டு நேரத்தில் கிரிக்கெட் மட்டும் பேசினோம்.

கசிந்த படம்

சில வாரங்களில் எங்கிருந்தோ ஒரு படம் வெளியே போய்விட்டது. யார் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. எங்கள் கோடுகளில் ஒன்றை எடுத்து, அதில் ஒரு சிவப்பு வட்டம் போட்டு, தொலைக்காட்சியில் காட்டினார்கள்.

விமானம் தரையைத் தொட்டதும் விமானி ஒரு நெம்புகோலைத் தூக்குவார். எஞ்சினின் காற்று முன்பக்கமாகத் திருப்பிவிடப்படும். வேகம் குறைய அது உதவும். தொட்ட உடனேயே தூக்க வேண்டும். கசிந்த படத்தில் அந்த நெம்புகோல் ஐந்து நொடி கழித்துத்தான் மேலே வந்திருந்தது.

நனைந்த பாதையில் ஐந்து நொடி என்பது மிக நீளம். “பெண் விமானி பதறினாரா?” என்று கேள்விக்குறி போட்டு எழுதினார்கள். இரண்டு நாளில் கேள்விக்குறி காணாமல் போனது. விவாத மேடையில் ஒருவர், பெண்களுக்கு இந்த வேலை சரிவருமா என்று ஆரம்பித்தார். நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன்.

அந்தப் படம் பொய்யில்லை. எங்கள் கணினி வரைந்த கோடுதான் அது. ஆனால் அதை வாசித்தவருக்கு ஒன்று தெரிந்திருக்கவில்லை.

அது பழைய விமானம். அதன் பதிவுக் கருவியில் இடம் குறைவு. அதனால் சில விஷயங்களை அது அடிக்கடி பதியும், சிலவற்றை எப்போதாவதுதான் பதியும். தரையில் மோதும் அதிர்வை ஒரு நொடிக்குள் பல முறை பதியும். இந்த நெம்புகோலையோ நான்கு நொடிக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்க்கும்.

விமானம் தொட்டு ஒரு நொடி கழித்துக் கருவி பார்த்தபோது நெம்புகோல் கீழே இருந்தது. அடுத்து நான்கு நொடி கழித்துப் பார்த்தபோது மேலே இருந்தது. இரண்டே புள்ளிகள். நடுவில் என்ன நடந்தது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. கணினி இரண்டையும் கோட்டால் சேர்த்துவிட்டது.

அவள் இரண்டாவது நொடியில் தூக்கியிருக்கலாம். ஐந்தாவது நொடியிலும் தூக்கியிருக்கலாம். முன்னது என்றால் அவள்மேல் குற்றம் இல்லை. பின்னது என்றால் தொலைக்காட்சி சொன்னதுதான் சரி.

இரண்டு சத்தங்கள்

எண்கள் கைவிட்ட இடத்தில் சத்தத்தைத் தேடினேன். ஒலிப்பதிவில் சக்கரங்கள் தரையைத் தொடும் ‘தொம்’ தெளிவாகக் கேட்டது. அதிர்வுப் பதிவோடு அதைப் பொருத்திப் பார்த்து, இரண்டும் ஒரே கணம்தான் என்று உறுதி செய்துகொண்டேன்.

விமானி அறை ஒலிப்பதிவைக் கேட்பது லேசான வேலை இல்லை. கதவை மூடிக்கொண்டு, வெளியே விளக்கைப் போட்டு, குறிப்பிட்ட ஆட்கள் மட்டும் உட்கார்ந்து கேட்போம். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும். அறிக்கையில் அச்சான பகுதிகளைத் தவிர வேறொன்றையும் நான் இங்கே எழுதப் போவதில்லை.

‘தொம்’முக்குப் பிறகு இரண்டு சின்னச் சத்தங்கள் இருந்தன. ஒன்று உடனே. ‘சர்ர்’ என்று ஏதோ வழுக்கி முடிவது போல. இரண்டாவது, தொட்டு இரண்டு நொடி ஆவதற்குள். ‘டக்’ என்று உலோகம் உலோகத்தில் தட்டுவது போல. அதற்கு மேல் மழையின் இரைச்சல்.

அந்த ‘டக்’ நெம்புகோலா? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் மனம் சொன்னது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு வேண்டிய பதில் அது. அக்காவின் குரல் என் காதில் இருந்தது. நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையின் தோளெலும்பு என் கண்ணில் இருந்தது. இல்லாத ஒன்றை நான் கேட்கிறேனோ?

ஒரே வழி, அதே வகை விமானத்தில் ஏறிக் கேட்பது. அனுமதி வாங்கி, பழுது பார்க்கும் கொட்டகையில் நின்ற ஒரு விமானத்தின் விமானி அறைக்குள் உட்கார்ந்தேன். அங்கிருந்த விமானி ஒருவர் பொறுமையாக ஒவ்வொரு நெம்புகோலாக அசைத்துக் காட்டினார். ஒவ்வொன்றையும் பதிந்தேன். இறக்கை மேல் தகடுகளைத் தூக்கும் நெம்புகோல் தானாக நகரும்போது ‘சர்ர்’ என்றது. எஞ்சின் காற்றைத் திருப்புகிற நெம்புகோல் மேலே போய் ‘டக்’ என்று நின்றது.

“இன்னொரு தரம்” என்றேன்.

‘டக்’.

“மன்னிக்கணும். இன்னும் ஒரே ஒரு தரம்.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மறுபடி தூக்கினார்.

அந்தப் பதிவையும் விபத்துப் பதிவையும் கணினியில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தேன். இரண்டு சத்தங்களின் வடிவமும் ஒத்துப்போயின. ‘டக்’குக்குச் சற்றுப் பிறகு எஞ்சினின் ஓசை மாறி எழுவதும் மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. அவள் தொட்ட இரண்டு நொடிக்குள் தூக்கியிருந்தாள். அதற்கு முன்னாலேயே பிரேக்கையும் மிதித்திருந்தாள். பிரேக்கின் அழுத்தம் முழுசாக ஏறியிருந்தது.

பிறகு ஏன் நிற்கவில்லை? வேகம் குறைந்த கோட்டைப் பார்த்தேன். மிதித்த மிதிக்குக் குறைய வேண்டிய அளவில் பாதிகூடக் குறையவில்லை. சக்கரங்கள் பாதையைப் பற்றிக்கொள்ளவே இல்லை. தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போயிருந்தன. ஓடுபாதையின் ஓரத்து வடிகால்கள் அடைந்து, நடுவில் தண்ணீர் தேங்கி நின்றதை வேறொரு குழு நேரில் போய்ப் பார்த்து எழுதியிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விமானிகளுக்குச் சொல்லப்பட்டது, பாதை ஈரமாக இருக்கிறது என்பது மட்டும்தான்.

சந்தீப் சார் பினோயையும் என்னையும் ஒரே அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு பேர் வரைந்ததையும் திரையில் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. பினோயும் அதே ‘டக்’கை அதே இடத்தில் வைத்திருந்தான். எனக்குத் தெரியாமல் அவனும் வேறொரு விமானத்தில் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்திருக்கிறான்.

“இன்னொன்றும் இருக்கிறது” என்றான் பினோய். “தொட வேண்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளித்தான் தொட்டிருக்கிறார்கள்.”

“ஆமாம், நானும் எழுதியிருக்கிறேன்” என்றேன்.

அதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்கியதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எழுதியிருந்தேன். அவனும் எழுதியிருக்கிறான் என்று கேட்டபோது என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நான் பார்க்க விரும்பியதை மட்டுமே பார்த்துவிடவில்லை.

வெளியே வந்ததும் பினோய் கேன்டீனில் இரண்டு தேநீர் சொன்னான். “இனிமேல் கிரிக்கெட் பேச வேண்டாம்” என்றான்.

திரைக்கு அந்தப் பக்கம்

அதற்குப் பிறகுதான் அக்காவின் கண் அறுவைச் சிகிச்சைக்காக விடுப்பில் ஊருக்கு வந்தேன். பத்மநாபபுரம் கோட்டைக்கு வெளியே அவள் வீடு. அரண்மனை பார்க்க வரும் பேருந்துகளின் ஹாரன் பகல் முழுக்கக் கேட்கும். அறிக்கை இன்னும் எழுதி முடியவில்லை. பல கைகளைத் தாண்டி வெளியாக மாதங்கள் ஆகும். அதுவரை வாய் திறக்கக் கூடாது.

அக்கா விடுவதாக இல்லை. கண்ணில் சொட்டு மருந்து விடும்போதெல்லாம், அண்ணாந்து படுத்தபடியே கேட்பாள்.

“ஒண்ணும் சொல்லாண்டாம். நல்லதா கெட்டதான்னு மட்டும் சொல்லு.”

“யக்கா, கண்ண மூடு.”

“கண்ண மூடித்தான் கெடக்கேன். நீ வாயத் தொற.”

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் ரிஸ்வானாவின் வாப்பா வந்தார். நான் அணைத்த அடுப்பின் முன்னால் நின்றேன்.

“இரிங்க அண்ணாச்சி” என்றாள் அக்கா. “மோளுக்குத் தோளு எப்படி இருக்கு?”

“எலும்பு கூடிட்டு. கைய அசைக்கச் சொல்லியாச்சு. ஆனா வீட்ட விட்டு எறங்க மாட்டேங்கா. டிவியில அந்தப் படம் வந்ததுக்குப் பொறவு யாருக்க போனும் எடுக்க மாட்டேங்கா.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“டீச்சர், நான் ஒரு காரியம் சொல்லத்தான் வந்தேன். தப்பா எடுக்கப்பிடாது. டீச்சருக்க தங்கச்சி டெல்லியில அந்த ஆபீஸ்லதான் வேல பாக்குகான்னு ஊர்ல ஒரு பேச்சு கேட்டேன். எனக்க மச்சினன்மாரு எல்லாம் சொல்லுகாங்க, போயி டீச்சர்ட்ட சொல்லி சகாயம் கேளுன்னு.”

கேட்கப் போகிறார். அக்கா திரையை விலக்கி என்னைக் கூப்பிடப் போகிறாள்.

“அத செய்யாண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்” என்றார் அவர்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“நான் கல்ஃப்ல ஏர்போர்ட்டுல வண்டி ஓட்டுனவன். பெட்டி இழுக்க வண்டி. ஒருக்கா எனக்க வண்டி பிளேன்ல உரசிட்டுன்னு விசாரிச்சாங்க. உரசுனது எனக்க வண்டி இல்ல. கேமராவப் பாத்துட்டு அவங்களே சொல்லிட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே எனக்க கூட்டுக்காரன் ஒருத்தன் நல்ல மனசுல போயி மேனேஜர்ட்ட எனக்காவப் பேசியிருந்தான். பின்னே ஊருக்கு வாறது வரைக்கும், ஆள் பிடிச்சுத் தப்பிச்சவன்னுதான் எனக்குப் பேரு.”

“அண்ணாச்சி...”

“எனக்க மோளு தப்பு செஞ்சிருந்தா எழுதட்டும். செய்யல்லன்னா அதையும் அந்தப் பெட்டி சொல்லட்டும். யாரும் சொல்லிக் குடுத்து வந்ததா இருக்கப்பிடாது. தங்கச்சி போன் பண்ணுனா இதப் பத்தி ஒண்ணும் கேக்காதுங்க டீச்சர். எனக்க மோளு திரும்பவும் போயி அந்த சீட்டுல இருக்கணும்லா.”

“கேக்க மாட்டேன் அண்ணாச்சி.”

கொண்டு வந்த பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. “வீட்டு வாழையாக்கும். மட்டிப்பழம். கண்ணுக்கு நல்லதான்னு தெரியாது. ஆனா ருசியா இருக்கும்” என்றார். பிறகு குடை விரியும் ஓசை. கேட் சாத்தப்படும் ஓசை.

நான் அடுக்களைச் சுவரில் சாய்ந்து நின்றேன். அவர் பின்னால் ஓடிப்போய், உங்கள் பிள்ளை சரியாகத்தான் செய்தாள் என்று சொல்ல உடம்பு முழுக்கத் தவித்தது. போகவில்லை. அவர் கேட்டுக்கொண்டதும் அதைத்தானே.

அக்கா உள்ளே வந்தாள். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது. கண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவசரமாக ஒரு பஞ்சை எடுத்து ஒற்றிவிட்டேன். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாணலியை எட்டிப் பார்த்தாள்.

“எண்ணெய் ஆறிட்டா?”

“ஆறிட்டு.”

“பின்னயும் அடுப்பப் பத்த வை.”

அதற்குப் பிறகு அறிக்கை வரும் வரை அவள் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போனில் பேசும்போது வாழைக்குலையின் விலையைப் பற்றியும் பக்கத்து வீட்டு நாயைப் பற்றியும் பேசினாள்.

இனி கேட்கலாம்

அறிக்கை வெளியான அன்று முற்பகல், அது எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏறிவிட்டதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டேன்.

“யக்கா, அறிக்கை வந்தாச்சு. இனி நீ கேக்கலாம்.”

அவள் உட்காருவதும் நாற்காலி கிரீச்சிடுவதும் கேட்டது. “வாசி.”

வாசித்தேன். தேங்கிய தண்ணீர், அடைபட்ட வடிகால், விமானிகளுக்குப் போகாத தகவல். தொடும் இடம் தள்ளிப்போனது. மேலே எழுந்து மறுபடி சுற்றி வருவதைக் கேப்டன் யோசித்திருக்க வேண்டும் என்பது. அதற்கடுத்து, துணை விமானி நெம்புகோலையும் பிரேக்கையும் உரிய நேரத்தில் இயக்கினார் என்ற வரி. விமானம் நின்றபோது கேப்டனின் தலை மோதி அவர் நிலைகுலைந்திருக்க, தோளெலும்பு முறிந்த நிலையில் எஞ்சின்களை அணைத்து, பயணிகளை வெளியேறச் சொன்னதும் துணை விமானிதான் என்ற வரி. இந்த நெம்புகோலை இனிமேல் நொடிக்கு ஒரு முறையாவது பதிய வேண்டும் என்ற பரிந்துரை.

“உரிய நேரத்துலன்னுதான எழுதியிருக்கு? இன்னொருக்கா வாசி.”

வாசித்தேன்.

“இடம் தள்ளித் தொட்டான்னும் இருக்கு.”

“இருக்கு. அதுவும் உள்ளதுதான்.”

“இருக்கட்டும். நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு போடலாம்” என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சினாள். “நான் இப்பம் அண்ணாச்சிக்குப் போன் போடட்டா?”

“போடு. இனி யாரும் யாருக்கும் சொல்லலாம்.”

அவள் போன் போடவில்லை. ஒரு ஆட்டோவைப் பிடித்துத் தேங்காப்பட்டணத்துக்கே போய்விட்டாள். வெயிலில் கண்ணாடி போடாமல் போனதற்கு என்னிடம் அப்புறம் திட்டு வாங்கினாள்.

தேங்காப்பட்டணத்தில் ஒரு மதியம்

நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே அவர்கள் வீடு. காற்றில் உப்பும், உள்ளேயிருந்து நெய்ச்சோற்று மணமும் வந்தன. ரிஸ்வானா அதற்குள் மறுபடி தேர்வுகள் எழுதி, பயிற்சி முடித்து, பறக்கத் தொடங்கியிருந்தாள். விடுமுறைக்கு வந்திருந்தாள்.

உயரமான பெண். தோளைக் கொஞ்சம் சாய்த்து நிற்கிறாள். அவள் வாப்பா என்னை முதன்முதலாக நேரில் பார்த்தார். அன்று நான் அடுக்களையில் இருந்ததை அக்கா அவரிடம் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. “வாங்க, இரிங்க” என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அக்கா அவளுடைய உம்மாவோடு உள்ளே போனதும் ரிஸ்வானா என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா? சொல்லக் கூடாததுன்னா சொல்லாதுங்க.”

“கேளு.”

“என் சத்தத்த நீங்க கேட்டீங்கல்லா?”

“கேட்டேன்.”

“ரிப்போர்ட்ல நான் சொன்னது எழுத்தா இருக்கு. எல்லாரையும் வெளியேறச் சொன்னது. எனக்கு அது ஞாபகமே இல்ல மேடம். பிளேன் நின்னதுலேருந்து புல்லுல வந்து இருந்தது வரைக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்ல. டிவியில பதறிட்டான்னு சொன்னாங்கல்லா. நெம்புகோல் விஷயம் சரியாயிட்டு. ஆனா இது... நான் எப்படிச் சொன்னேன்? கத்துனேனா?”

அவள் சொன்ன சொற்கள் அச்சில் வந்துவிட்டன. அதை அவள் எப்படிச் சொன்னாள் என்பது அச்சில் இல்லை. இதைச் சொல்லலாமா? ஆனால் அது அவளுடைய குரல். அதைப் பற்றிக் கேட்க அவளைவிட உரிமையுள்ளவர் யார் இருக்கிறார்கள்?

“கத்தல்ல” என்றேன். “ரெண்டு தடவ சொன்னே. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி. அவசரப்படல்ல. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக் கேட்டுது. கடைசி வரிசையில காது மந்தமான ஆள் இருந்திருந்தாலும் புரிஞ்சிருக்கும்.”

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நெசமா?”

“நான் எத்தனையோ பதிவு கேட்டிருக்கேன் மோளே. அதுல நல்லாப் பேசுன குரல் உனக்க குரல்.”

அவள் அதைச் சொல்வதற்கு முன்னால், தனக்குள் மெல்லச் சொன்ன ஒரு சொல்லும் பதிவில் இருக்கிறது. அது அறிக்கையில் இல்லை. அவளிடமும் சொல்லவில்லை.

ரிஸ்வானா மூச்சை இழுத்து விட்டாள். சாய்ந்திருந்த தோள் கொஞ்சம் நிமிர்ந்தது. எழுந்து முகம் கழுவப் போனாள். குழாயில் நெடுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வாப்பா எழுந்து போகப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டார். எங்களுக்குள் பேச எதுவும் இல்லை. அதனால் சங்கடமும் இல்லை. வாசலில் ஒரு சேவல் உலவிக்கொண்டிருந்ததை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

“வாப்பா, டீச்சர், மேடம், எல்லாரும் கை கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது.”

ஒரு கணம் கழித்து, அதே குரலில், அதே நிதானத்தில் மறுபடியும் சொன்னாள்.

“கேட்டியளா?” என்றார் வாப்பா என்னிடம். அப்போதுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். “வீட்டுலயும் எப்பமும் அறிவிப்புதான்.”

நாங்கள் எழுந்து உள்ளே போனோம்.